தோட்டக் குளத்தில் செடி ஏன் பெருகுகிறது? மருந்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேலம் சுற்றுவட்டாரத்தில் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் ஆகாயத்தாமரையில் வந்து நிற்கும். "என்ன மருந்துங்க அடிக்கலாம்?" என்று ஒருவர் கேட்பார். "புல்கெண்டைக் குஞ்சு நூறு விடுங்க, எல்லாத்தையும் தின்னுடும்" என்பார் இன்னொருவர். "மயில்துத்தத்தை மூட்டை கட்டித் தொங்க விடுங்க, சுத்தமாயிடும்" என்று மூன்றாவது யோசனை வரும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தச் செடிக்கு, எந்தத் தண்ணீரில், ஒரே தடவையில் எவ்வளவு பரப்புக்கு என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. விளைவு, மருந்தடித்த சில நாளில் மீன் செத்து மிதக்கும். ஆறேழு மாதத்தில் செடியும் திரும்பி வந்திருக்கும்.

சொந்தக் காட்டில் குட்டை, மீன்குளம், எஸ்டேட்டில் தண்ணீர்த் தேக்கம் வைத்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூக்கனேரி, பனமரத்துப்பட்டி ஏரி மாதிரியான பெரிய பொது ஏரிகளின் கதை வேறு. அங்கே சாக்கடை, நிர்வாகம் என்று பல விஷயங்கள் சேர்ந்துகொள்ளும்.

## செடி எதைக் கொண்டு வளர்கிறது

குளத்துச் செடிக்கு வேண்டியவை வெயில், தண்ணீர், கரியமில வாயு, நைட்ரஜன், பாஸ்பரஸ், அப்புறம் பொட்டாஷ் முதலான மற்றச் சத்துகள். சேலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தண்ணீரும் கரியமில வாயுவும் இருக்கவே இருக்கின்றன. எனவே செடி எவ்வளவு பெருகும் என்பதைப் பெரும்பாலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் முடிவு செய்கின்றன.

அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். தறியில் பாவு முழுதாக ஏற்றியிருக்கிறது, ஊடை நூல் நாலு முழத்துக்குத்தான் கைவசம் உண்டு என்றால் சேலை நாலு முழத்தோடு நின்றுவிடும். பாவை இன்னும் நீட்டிப் பயனில்லை. ஊடை எவ்வளவு வந்து சேர்கிறதோ அவ்வளவுக்குத்தான் நெசவு நகரும். குளத்தில் அந்த ஊடையின் இடத்தில் இருக்கும் சத்துக்குத் தட்டுப்பாட்டுச் சத்து என்று பெயர் வைத்துக்கொள்வோம்: மற்றதெல்லாம் தாராளமாக இருந்தும், தான் ஒன்று குறைவதால் மொத்த வளர்ச்சியையும் நிறுத்தி வைக்கும் சத்து. நன்னீர்க் குளங்களில் பெரும்பாலும் அது பாஸ்பரஸ்.

இதைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டிய சோதனை 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்தது. நடுவில் குறுகலாக இருந்த ஓர் ஏரியை டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி சில வாரங்களில் பாசி பிடித்துப் பச்சையானது. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. வானத்திலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. சலவைத் தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்குப் பல நாடுகளில் வலுச் சேர்த்ததும் அந்தப் படம்தான்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். 50 கிலோ டி.ஏ.பி. உர மூட்டையில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ் இருக்கிறது. (மூட்டையின் மேல் 46 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது ஆக்சைடாகக் கணக்கிட்ட அளவு.) ஒரு கிலோ பாஸ்பரஸ் ஏறத்தாழ 500 கிலோ பச்சைப் பாசியை வளர்க்கவல்லது என்பது இத்துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆக, காட்டில் இறைத்த மூட்டையில் பத்தில் ஒரு பங்கு மழையில் கரைந்து குட்டைக்கு வந்தாலே அரை டன் பாசிக்கு வழி பிறந்துவிடுகிறது.

## வந்த சத்து ஏன் போவதில்லை

நைட்ரஜனில் ஒரு பகுதியாவது நுண்ணுயிரிகளின் வேலையால் வாயுவாகி வெளியேறும். பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. குளத்துக்குள் வந்துவிட்டால் அது தண்ணீரில் இருக்கும், செடியில் இருக்கும், இல்லையென்றால் சேற்றில் இருக்கும். பாசனத்துக்கு இறைக்கும்போதும் உபரி நீர் வழியும்போதும் கொஞ்சம் போகலாம். மழைநீர் வந்து நின்று வற்றும் குட்டையில் அதுவும் குறைவு. தண்ணீர்தான் ஆவியாகும், சத்து அடியில் தங்கிவிடும். இப்படி வருடா வருடம் சத்து சேர்ந்துகொண்டே போவதற்குச் சத்துப்பெருக்கம் என்று பெயர்.

வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்தில் மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் இட்ட உரமும் கோழி எருவும் முதல் பெருமழையில் செம்மண்ணோடு சேர்ந்து இறங்கும். பாஸ்பரஸ் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் பொருள். ஆகவே குட்டைக்குள் வரும் கலங்கல் தண்ணீரை உரத் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளலாம். மாட்டுத்தொழுவம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், மீனுக்குப் போட்டு மிஞ்சிய தவிடு, புண்ணாக்கு எல்லாம் இதே கணக்கில் சேரும். சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீர் இன்னும் மோசம். அதிலுள்ள மாவுச்சத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

ஏற்காட்டில் காட்சி மாறும். அங்கே உரத்தைவிடக் கவனிக்க வேண்டியது அறுவடைக் காலத்தில் காபிப் பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீர். பழச் சதையின் சர்க்கரை அதில் கலந்திருக்கும். அதைத் தேக்கத்தில் விட்டால் முதலில் நாற்றம், பிறகு பச்சை. சில்வர் ஓக் சருகு குவியும் தேக்கங்களில் சேறு வேகமாக ஏறும். தங்கும் விடுதிகள் பெருகிய பிறகு செப்டிக் தொட்டிக் கசிவும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

இதுவரை பார்த்தது: செடி பெருகுவதற்குக் காரணம் உள்ளே வந்து சேரும் சத்து, அதிலும் குறிப்பாகப் பாஸ்பரஸ். அது தானாக வெளியே போகாது. செடியைக் குளத்திலேயே கொன்றால் அதன் உடம்பிலிருக்கும் சத்து திரும்பத் தண்ணீருக்கே வரும், அடுத்த செடி அதை எடுத்துக்கொள்ளும்.

## எந்தச் செடி என்று முதலில் பாருங்கள்

மிதக்கும் செடிகளில் ஆகாயத்தாமரைதான் பெரிய தலைவலி. உப்பிய காம்பும் ஊதாப் பூவும் கொண்ட, சில ஊர்களில் வெங்காயத்தாமரை எனப்படும் செடியைத்தான் இங்கே சொல்கிறேன். தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியிலிருந்து அழகுக்காக உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்டது இது. வேர் தண்ணீரில் தொங்குவதால் சத்தை நேராகத் தண்ணீரிலிருந்தே உறிஞ்சும். சூடும் சத்தும் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் பரப்பு இரட்டிப்பாகிவிடும். அதன் விதை சேற்றில் 15 வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். அசோலாவும் வாத்துகள் தின்னும் பொடி இலைச் செடிகளும் இதே வகைதான் என்றாலும் வலைபோட்டு அரித்து எடுத்துவிடலாம். அசோலாவை மாட்டுக்கும் போடலாம்.

தண்ணீருக்குள் முழுகி வளர்பவை இரண்டாவது வகை. ஹைட்ரில்லா இதில் முக்கியம். ஒரு கணு மட்டும் உள்ள சின்னத் துண்டு போதும், அது தனிச் செடியாகிவிடும். போதாததற்குச் சேற்றுக்குள் சிறு கிழங்கும் வைக்கும். எனவே அரிவாளால் அறுத்து, துண்டுகளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தால் குளம் முழுக்க நட்டுவிட்டு வந்ததாகத்தான் அர்த்தம்.

கரையோரச் சம்பு, கோரை, அடியில் வேர்விட்டு மேலே இலை விரிக்கும் அல்லி, தாமரை ஆகியவை மூன்றாவது வகை. முழங்கால் ஆழத்து விளிம்பில்தான் சம்பும் கோரையும் பிடிக்கும். கரையைச் சற்றுச் செங்குத்தாக வெட்டி ஆழத்தைக் கூட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடைசியாகப் பாசி. நூல்நூலாகப் பின்னிக்கொண்டு மிதப்பது ஒருவிதம், தண்ணீரையே பச்சையாக்கிவிடும் நுண்பாசி இன்னொரு விதம். தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதாகத் தெரிந்து, துர்நாற்றமும் அடித்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில இனங்கள் நஞ்சு சுரக்கும். மாட்டை அங்கே தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

## மீன் ஏன் விடியற்காலையில் சாகிறது

குளத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன். தண்ணீரில் கரைந்திருப்பதோ ஒரு லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம்தான். இதற்குக் கரைந்த ஆக்சிஜன் என்று பெயர். மீன் சுவாசிப்பது இதைத்தான். ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. மூன்றுக்குக் கீழே போனால் மீன் திணறும். அதற்கும் கீழே இறங்கினால் சாவு.

குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பது உண்மை. அதனால் ஏற்காட்டுத் தேக்கத்தில் மீனுக்கு ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் கரைவதும் குறைகிறது. கணக்குப் போட்டால் சேலத்தில் 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 7.3 மில்லிகிராம் வரை தாங்கும், ஏற்காட்டில் 20 டிகிரித் தண்ணீர் சுமார் 7.6. பத்து டிகிரி குளிர்ச்சி கொடுத்ததை உயரம் பெரும்பாலும் பிடுங்கிக்கொள்கிறது.

பகலில் தண்ணீருக்குள் இருக்கும் செடியும் பாசியும் வெயிலை வைத்து ஆக்சிஜனை வெளிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த வேலை நின்றுவிடும். மீன், செடி, பாசி, சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் எல்லாம் இரவு முழுக்க ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இருப்பு மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரத்தில். கட்லாவும் ரோகுவும் அந்த நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் குளம் எல்லையில் நிற்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மப்பு போட்டால் பகல் உற்பத்தியும் குறைந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் இன்னொரு சங்கடம். அதன் இலை காற்றில் இருக்கிறது. அது உண்டாக்கும் ஆக்சிஜனும் பெரும்பாலும் காற்றுக்கே போய்விடும். கீழே வெயில் இறங்காததால் பாசியும் வேலை செய்யாது, காற்றும் தண்ணீரைத் தொடாது. பச்சைப் பசேலென்று இருக்கும் குளத்தின் அடியில் மீனுக்கு மூச்சுக்கு வழியிருக்காது.

இப்போது மருந்துக்கு வருவோம். குளம் முழுக்க ஒரே நாளில் களைக்கொல்லி அடித்தால் டன் கணக்கில் செடி சாகும். செத்த செடியை நுண்ணுயிரிகள் தின்னத் தொடங்கும், அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அதைக் கொடுத்துக்கொண்டிருந்த நீருக்கடிச் செடிகளும் போய்விட்டன. மீன் சாவதற்கு மருந்தின் நஞ்சுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரங்களில் மூச்சுத் திணறிச் செத்த மீன்கள்தான் அவை.

அப்படித் திணறும் மீனைக் கண்டால் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மோட்டாரைப் போட்டு அதே குளத்துத் தண்ணீரை இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி திரும்பக் குளத்திலேயே விடுங்கள். அன்றைக்குத் தீவனம் போடாதீர்கள்.

சுருக்கமாக: ஆக்சிஜன் குறைவது விடியற்காலையில். செடி மொத்தமாகச் செத்தால் அந்தக் குறைவு பகலிலும் நீடிக்கும். எந்த முறையில் செடியைக் குறைத்தாலும் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டியதன் காரணம் இதுதான்.

## கையால் எடுப்பது

கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் சின்னக் குளத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆகாயத்தாமரையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஒரு டன் பச்சைச் செடியைக் காயவைத்தால் ஏறத்தாழ 60 கிலோ தேறும். அதில் ஒரு கிலோவுக்கு மேல் நைட்ரஜனும் சுமார் 200 கிராம் பாஸ்பரஸும் இருக்கும். எடுக்கிற ஒவ்வொரு டன்னோடும் அவ்வளவு சத்து குளத்தைவிட்டு நிரந்தரமாகப் போகிறது. மருந்தடித்தால் இது நடக்காது.

இரண்டு தப்புகளைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, எடுத்ததைக் கரையிலேயே குவிப்பது. அது அழுகி, அடுத்த மழையில் சாறெல்லாம் குளத்துக்கே திரும்பும். சரிவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தென்னைக்கோ காபிக்கோ மூடாக்காகப் போடுங்கள். இரண்டாவது, "கொஞ்சந்தானே இருக்கு" என்று மிச்சத்தை விட்டுவிட்டு வருவது. பதினைந்து நாளில் இரட்டிப்பாகும் செடியை எட்டில் ஒரு பங்கு விட்டுவைத்தால் நாற்பத்தைந்து நாளில் பழையபடி குளம் நிறைந்துவிடும். முதல் சுற்றுக்கு ஆள் வைத்தாலும் இரண்டாம், மூன்றாம் சுற்றை நாமே வாரம் ஒருமுறை நடந்து பொறுக்கிவிடலாம். பூ வரும் முன் எடுத்தால் விதையும் விழாது. சாக்கடை கலந்த தண்ணீரில் வளர்ந்ததாக இருந்தால் மாட்டுக்குப் போட வேண்டாம். உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது.

## புல்கெண்டையும் வண்டும்

புல்கெண்டை 1959-ல் இந்தியாவுக்கு வந்த மீன். ஹைட்ரில்லா மாதிரியான மென்மையான நீருக்கடிச் செடிகளையும் அசோலாவையும் ஆசையாகத் தின்னும். ஆகாயத்தாமரையைப் பெரிதாகச் சீண்டாது. தின்றதில் பெரும்பகுதி செரிக்காமல் எருவாகத் தண்ணீருக்கே திரும்புவதால் செடி குறைந்து பாசி கூடுவதும் உண்டு. நூறு, இருநூறு என்று விடாமல் குறைவாக விட்டு, ஒரு பருவம் பார்த்து, பிறகு கூட்டுங்கள். குஞ்சாக விட்டால் மற்ற மீன்கள் விழுங்கிவிடும், விரல் நீளத்தைத் தாண்டியதாக வாங்குவது நல்லது. மழையில் வழியும் குளமென்றால் போக்கு வாயில் வலை கட்டாயம். ஓடை வழியாக வேறு ஏரிக்குப் போனால் அங்கே தேவையான செடியையும் மேய்ந்துவிடும்.

ஆகாயத்தாமரையைத் தின்னும் ஒருவகைக் கூன்வண்டு 1980-களில் பெங்களூருவில் விடப்பட்டது. பெரிய ஏரிகளில் வருடக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். அரை ஏக்கர் குட்டைக்காரருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

## மருந்தும் மயில்துத்தமும்

களைக்கொல்லி தவிர வேறு வழியில்லை என்றால் நீர்க்களைக்கு உரியது என்று லேபிளில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த பகுதிக்கு இரண்டு வாரமாவது விட்டு, செத்த செடியை வாரி வெளியே போட்டுவிட்டுத் தொடருங்கள். 2,4-டி வகை மருந்து காற்றில் அடித்துப்போய்ப் பக்கத்துப் பருத்தியைச் சுருட்டிவிடும், சண்டை வரும். அந்தத் தண்ணீரைப் பாசனத்துக்கு எடுப்பதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் லேபிளில் பாருங்கள்.

மயில்துத்தத்தில்தான் சமவெளிக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியும். அது ஒரு தாமிர உப்பு (காப்பர் சல்பேட்). பாசியைக் கொல்லும், தாமிரம் கூடினால் மீனையும் கொல்லும். எவ்வளவு தாமிரம் மீனுக்கு ஆபத்து என்பதைத் தண்ணீரின் காரத்தன்மை முடிவு செய்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவைத்தான் அப்படிச் சொல்கிறோம். அவை தாமிரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் நஞ்சு குறையும். சேலம் சமவெளியில் கிணற்றுத் தண்ணீர் பொதுவாகக் கடினத் தண்ணீர், சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினப் பாறை, அதன் மேல் விழும் மழைநீர் அதிகம் உப்பைக் கரைத்துக்கொள்வதில்லை. கீழே கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய குளத்தில் தாங்கிய அளவு மேலே மீனைக் கொன்றுவிடலாம். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே காரத்தன்மை உள்ள தண்ணீரில் மயில்துத்தம் போடாமலிருப்பதே நல்லது.

எஸ்டேட்காரர்களுக்கு இன்னொன்று. காபிக்கும் மிளகுக்கும் அடிக்கிற போர்டோ கலவையிலும் இருப்பது இதே மயில்துத்தம்தான். தெளிப்பானைத் தேக்கத்தில் கழுவுகிற வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். தாமிரம் மக்கிப் போகிற பொருள் இல்லை, சேற்றில் படிந்துகொண்டே இருக்கும்.

## எவ்வளவு செடி இருக்கலாம்

ஒரு செடிகூட இல்லாத குளம் வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். சத்து மிகுந்த ஆழமில்லாத குளத்தில் அது நடக்காது. செடியை முழுக்க வழித்தெடுத்தால் அதே சத்தைப் பாசி எடுத்துக்கொண்டு தண்ணீர் பச்சைக் குழம்பாகிவிடும். பரப்பில் கால்வாசி, ஆகாயத்தாமரை அல்லாத செடி இருக்கட்டும். மீன்குஞ்சுக்கு மறைவும் கிடைக்கும், தண்ணீரும் ஓரளவு தெளிந்திருக்கும்.

பாசி அளவைப் பார்க்க வெள்ளைத் தட்டு ஒன்றில் கயிறு கட்டி, நடுப்பகலில் மெல்ல இறக்குங்கள். 1865-ல் இத்தாலியப் பாதிரியார் செக்கி கடலில் செய்து பார்த்த அதே முறைதான், இன்றும் ஆய்வாளர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள். தட்டு 30 முதல் 60 சென்டிமீட்டருக்குள் மறைந்தால் மீன்குளத்துக்கு நல்ல அளவு. ஒரு சாணுக்குள்ளேயே மறைந்தால் பாசி அதிகம், தீவனத்தையும் எருவையும் குறைக்க வேண்டும். அடி வரை தெரிந்தால் வெயிலும் அடி வரை போகிறது, அடுத்து ஹைட்ரில்லா வரலாம். மண் கலங்கல் இருக்கும் நாளில் இந்தச் சோதனை பலிக்காது.

## வண்டல்

சித்திரை, வைகாசியில் குட்டை வற்றும்போது செய்கிற வேலைதான் மருந்து, மீன் எல்லாவற்றையும்விட நீண்ட நாள் பலன் தரும். பல வருடப் பாஸ்பரஸ் சேற்றில்தான் இருக்கிறது. வண்டலை அள்ளிக் காட்டில் பரப்பினால் சத்து வந்த இடத்துக்கே திரும்பும், குட்டையும் ஆழமாகும், அதோடு ஆகாயத்தாமரை விதையிலும் ஒரு பகுதி வெளியேறும். தார்ப்பாய் விரித்த குட்டையில் மண்வெட்டி வேண்டாம், வாளியும் துடைப்பமும் போதும். அள்ளி முடித்த கையோடு தண்ணீர் வரும் வாய்க்கு முன்னால் சின்ன வண்டல் குழி ஒன்று வெட்டி, சுற்றி நாலைந்து மீட்டருக்கு வெட்டிவேரோ புல்லோ நட்டால் முதல் மழையின் செம்மண் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். அந்தக் குழியை ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வாரிவிட வேண்டும். வண்டல் போட்ட காட்டுக்கு அந்த வருடம் டி.ஏ.பி. எவ்வளவு குறைக்கலாம் என்பதை மண் பரிசோதனை செய்துகொண்டு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.